அறிமுகமில்லாத வாங்குநருக்கு மெயில் போட எந்தச் சேவை? திருமலைத் தொழில்களுக்கான வழிகாட்டி

திருகோணமலை நிலாவெளியில் சுழியோடல் நிலையம் நடத்துகிறவர் பிரித்தானியாவில் ஒரு டூர் ஒப்பரேட்டரைப் பிடிக்க நினைக்கிறார். உப்புவெளி விடுதிக்காரர் சென்னையின் யாத்திரை முகவர்களைத் தேடுகிறார். கிண்ணியாவில் கடலுணவு பதப்படுத்துகிறவருக்கு வெளிநாட்டில் ஒரு இறக்குமதியாளர் வேண்டும். மூவரும் செய்யப்போவது ஒன்றுதான்: தம்மைக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்கு மெயில் எழுதுவது. தொழிலில் இதைக் கோல்ட் மெயில் என்பார்கள். இதற்கு ஒரு சேவையைத் தேர்வு செய்யும்போது எல்லோரும் முதலில் கேட்பது "கூகுளா, மைக்ரோசொஃப்டா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதப் போகிறீர்கள்? அவர்களுடைய மெயில் யாரிடம் இருக்கிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் மிச்ச முடிவுகள் பெரும்பாலும் தானாக விழும்.

பட்டியலில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பட்டியலில் 300 நிறுவனங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் மெயிலும் இரண்டு நினைவூட்டலும், ஆகக் கூடினால் 900 மெயில். ஒரு மெயில்பொக்ஸில் இருந்து நாளுக்கு 20 என்றால், இரண்டு மெயில்பொக்ஸுக்கு 40, வேலை நாட்கள் ஐந்தில் 200. நாலரைக் கிழமையில் பட்டியல் முழுவதும் முடிந்துவிடும். பதில் போட்டவர்களையும் மறுத்தவர்களையும் கழித்தால் அதற்கும் முன்னரே முடியும். பத்து டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), முப்பது மெயில்பொக்ஸ் வாங்கச் சொல்லும் ஆலோசனைகள் மாதம் பல்லாயிரம் மெயில் அனுப்பும் முகவர் நிறுவனங்களுக்கானவை. திருமலையில் ஒரு விடுதிக்கோ படகுச் சேவைக்கோ ஒரு டொமைனும் இரண்டு மெயில்பொக்ஸும் போதும். அதைவிடக் கூட்டினால் செலவு கூடுவதோடு, கவனிக்க முடியாத மெயில்பொக்ஸ்களும் கூடும்.

அடுத்து, பட்டியலில் ஐம்பது பெயரை எடுத்து அவர்களுடைய டொமைனை எம்எக்ஸ் டூல்பொக்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். எம்எக்ஸ் பதிவு என்பது அந்த டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சேர்வருக்குப் போகிறது என்று சொல்லும் வரி. விடை கூகுள் என்று முடிந்தால் அவர்கள் கூகுள் வேர்க்ஸ்பேஸில் இருக்கிறார்கள். அவுட்லுக் என்று முடிந்தால் மைக்ரோசொஃப்ட் 365 இல். மைம்காஸ்ட், புரூஃப்பொயின்ட் போன்ற பெயர் வந்தால், முன்னால் ஒரு தனி வடிகட்டி நிற்கிறது என்று பொருள். புத்தம்புது டொமைனில் இருந்து வரும் மெயிலை இப்படியான வடிகட்டிகள் எளிதில் உள்ளே விடுவதில்லை. அப்படிப்பட்ட நிறுவனங்களைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் டொமைனுக்கு இரண்டு மூன்று மாத வயது ஆன பிறகு எழுதலாம். டொமைனே இல்லாமல் ஜிமெயில் முகவரியில் தொழில் நடத்தும் சிறிய முகவர்களும் இருப்பார்கள். கூகுள் 2024 பெப்ரவரியில் கொண்டுவந்த அனுப்புநர் விதிகள் இந்தத் தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்குப் போகும் மெயிலுக்கானவை.

கூகுளில் இருந்து கூகுளுக்கு அனுப்பினால் நேரே இன்பொக்ஸ், மைக்ரோசொஃப்டில் இருந்து மைக்ரோசொஃப்டுக்கு அப்படியே என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் சலுகை எதுவும் இல்லை. இந்தத் தேடல் எதற்கு உதவும் என்றால், எந்த இன்பொக்ஸில் உங்கள் மெயிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

எவை வேண்டாம்

இலவச ஜிமெயில் முகவரி வேண்டாம். நாளுக்கு 500 என்ற எல்லையைப் பற்றிய கவலையால் இல்லை. அந்த டொமைன் உங்களுடையது அல்ல. நல்ல பெயர் சேர்ந்தாலும் உங்கள் நிறுவனத்துக்குச் சேராது. வேறொரு கருவி வழியாக அந்த முகவரியில் அனுப்பினால் டிமார்க் பொருத்தமும், அதாவது அனுப்பும் சேர்வரும் முகவரியின் டொமைனும் ஒத்துப்போகிறதா என்ற சோதனையும், தவறும்.

வெப்சைட்டோடு சேர்த்து ஹோஸ்டிங் நிறுவனம் தரும் மெயில், அதாவது சிபேனல் மெயில், அன்றாடக் கடிதத்துக்குச் சமாளிக்கும். ஆனால் அதே ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அந்தச் சேர்வரின் எண்ணை, நூற்றுக்கணக்கான வேறு தளங்களும் பகிர்கின்றன. அவற்றில் ஒன்று ஹக் செய்யப்பட்டுக் குப்பை மெயில் கொட்டினால் உங்கள் மெயிலும் சேர்ந்து தடைபடும்.

சென்ட்கிரிட், மெயில்கன், அமேசன் எஸ்இஎஸ், மெயில்சிம்ப் போன்றவை விலையில் கவர்ச்சியாகத் தெரியும். அவை ஓடர் உறுதி, கடவுச்சொல் மாற்றம், விரும்பிச் சேர்ந்தவர்களுக்கான செய்திமடல் ஆகியவற்றுக்காக உண்டானவை. கேட்காமல் அனுப்பும் மெயிலை அவற்றின் விதிகள் தடுக்கின்றன. எஸ்இஎஸ் இல் திரும்பி வரும் மெயில் 5 வீதத்தைத் தொட்டால் கணக்கைப் பரிசீலனைக்கு எடுப்பார்கள், 10 வீதத்தில் அனுப்புவதையே நிறுத்தலாம். முறைப்பாடு, அதாவது பெறுநர் ஸ்பாம் என்று அமுக்குவது, 0.1 வீதம் வந்தாலே பரிசீலனைதான். முதன்முறை தொகுத்த பட்டியல் இந்த எல்லைகளைச் சுலபமாகத் தாண்டும்.

சொந்தச் சேர்வர் ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு இணைய இணைப்பின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், அந்த எண் யாருடையது என்று காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பெயர் இராது. அந்த வகை ஐபிகளை, குப்பை மெயில் தடுப்புக்கான ஸ்பாம்ஹவுஸ் பட்டியல் முன்கூட்டியே அடைத்துவைத்திருக்கிறது.

மிஞ்சுபவை மூன்று

பெரும்பாலானோருக்கு நாங்கள் சொல்வது கூகுள் வேர்க்ஸ்பேஸ் பிசினஸ் ஸ்டார்ட்டர், இரண்டு பயனர். 2025 இல் அமெரிக்கப் பட்டியல் விலை, வருட ஒப்பந்தத்தில், பயனருக்கு மாதம் 7 டொலர். அமைப்பது எளிது, பிழை எங்கே என்று பார்ப்பதும் எளிது. கட்டணக் கணக்கின் நாளாந்த எல்லை 2,000 மெயில். புதிய கணக்குக்கு அது உடனே கிடைக்காது: மொத்தம் 100 டொலர் கட்டி, அதன் பிறகு 60 நாள் கடக்கும்வரை சோதனைக் கணக்கின் 500 தான். நாளுக்கு 20 அனுப்பும் உங்களுக்கு இரண்டுமே தேவைக்கு அதிகம்.

மைக்ரோசொஃப்ட் பக்கம் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 1, அதே வருடம் மாதம் 4 டொலர். எல்லை நாளுக்கு 10,000 பெறுநர், நிமிடத்துக்கு 30 மெயில். அலுவலகத்தில் ஏற்கெனவே மைக்ரோசொஃப்ட் பழக்கம் இருந்தால் இதையே எடுக்கலாம். ஆனால் புதிய கணக்குகளில் எஸ்எம்டிபி வழி (வெளிக் கருவிகள் மெயில் அனுப்பும் வழி) அனுப்புவது மூடியே வரும். மெயிலுக்குக் கையொப்பமிடும் டிகிம் தானாக உங்கள் டொமைனுக்கு வராது. இரண்டையும் நீங்களே தேடித் திறக்க வேண்டும்.

சோஹோ மெயில் மலிவு, அன்றாட வேலைக்கு நல்ல சேவை. அறிமுகமில்லாதவர்களுக்குத் தொடர்ந்து எழுதும் கணக்குகளை அவர்கள் கண்டிப்பாகக் கவனிப்பதால் இந்த வேலைக்கு அதைச் சொல்ல மாட்டோம். தலைமை அலுவலக மெயிலுக்குச் சோஹோ, வாங்குநரைத் தேடுவதற்குக் கூகுள் என்று பிரித்து வைப்பது நல்ல ஏற்பாடு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூகுளும் மைக்ரோசொஃப்டும் கேட்காமல் மொத்தமாக அனுப்புவதை அனுமதிப்பதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ளது ஒவ்வொரு நிறுவனத்தையும் பார்த்து, அவர்களுக்கென்று எழுதி, சில பேருக்கு மட்டும் அனுப்பும் முறை. வாங்கிய பட்டியலுக்கு ஒரே மெயிலைக் கொட்டுவதற்கு எந்த அமைப்பும் நிற்காது.

வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி அட்டை திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டுவையுங்கள். மாதப் புதுப்பிப்பு அட்டையில் மறுக்கப்பட்டால் கணக்கு இடைநிறுத்தப்படும். வந்துகொண்டிருந்த பதில்களும் அதோடு நின்றுபோகும்.

டொமைன்: தலைமை முகவரியைப் பணயம் வைக்காதீர்கள்

விருந்தினர் முன்பதிவும் வங்கிக் கடிதமும் வரும் டொமைனில் இருந்து கோல்ட் மெயில் போடக் கூடாது. சிலர் ஸ்பாம் என்று அமுக்கினால் கெடுவது அந்த டொமைனின் பெயர். பிறகு உங்கள் முன்பதிவு உறுதியும் விருந்தினரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். துணை டொமைன் போட்டாலும் தாய் டொமைனின் பெயர் முழுவதும் தப்பாது. எனவே தனி டொமைன் ஒன்று வாங்குங்கள். தலைமை டொமைன் உங்கள்விடுதி டொட் கொம் என்றால், உங்கள்விடுதி திருமலை டொட் கொம் போல, பார்த்தவுடன் அதே நிறுவனம் என்று புரியும் பெயர் வேண்டும். டொட் கொம் அல்லது டொட் எல்கே எடுங்கள். மிக மலிவாக விற்கும் எக்ஸ்வைஇசட், டொப் போன்ற முடிவுகளைக் குப்பை மெயில்காரர்கள் அள்ளி எடுப்பதால் வடிகட்டிகள் அவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. டொட் இலங்கை என்ற தமிழ் முடிவு வெப்சைட்டுக்கு அழகாக இருக்கும், மெயிலுக்கு வேண்டாம். தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத மெயில் சேவைகளும் படிவங்களும் இன்னும் ஏராளம்.

வாங்கிய அன்றே அந்த டொமைனைத் தலைமை வெப்சைட்டுக்குத் திருப்பிவிடுங்கள். மெயில் கிடைத்தவர் முதலில் செய்வது முகவரிக்குப் பின்னால் உள்ள பெயரை பிரவுசரில் போட்டுப் பார்ப்பது. அங்கே வெறும் பக்கம் வந்தால் கதை முடிந்தது.

அலுவலகம் ஏற்கெனவே கூகுள் வேர்க்ஸ்பேஸில் இருந்தால், புது டொமைனை அதே கணக்கில் இரண்டாம் டொமைனாகச் சேர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். கணக்கு இடைநிறுத்தப்பட்டால் அலுவலக மெயிலும் சேர்ந்து நிற்கும். தனிக் கணக்காகவே திறவுங்கள்.

மெயில்பொக்ஸ் பெயர் ஒரு மனிதரின் பெயராக இருக்க வேண்டும், உண்மையில் பதில் எழுதப் போகிறவரின் பெயர். சேல்ஸ், இன்ஃபோ என்று போட்டால் யாருடன் பேசுகிறோம் என்றே தெரியாது. படம் ஏற்றுங்கள், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வெளிக் கருவிகளுக்கான ஆப் கடவுச்சொல் அது இல்லாமல் கிடைக்காது.

மூன்று பதிவுகள், அவற்றில் வரும் பிழைகள்

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது டொமைனின் பதிவுகளைத் திருத்தும் பக்கத்தில், எழுதப்படுபவை. நாளுக்கு 5,000 க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். 2025 மே மாதத்தில் இருந்து அவுட்லுக், ஹொட்மெயில் முகவரிகளுக்கும் மைக்ரோசொஃப்ட் அதே அளவில் அதே விதியை வைத்திருக்கிறது. நீங்கள் 40 தான் அனுப்பினாலும் மூன்றையும் போடுங்கள். முழு வேலையும் ஒரு மணித்தியாலம்.

எஸ்பிஎஃப், இந்த டொமைன் பெயரில் அனுப்பும் உரிமை எந்தச் சேர்வர்களுக்கு என்று சொல்லும். சேவை தரும் வரியை அப்படியே டிஎக்ஸ்டி பதிவாக ஒட்டினால் போதும். அடிக்கடி நடக்கும் பிழை: ஹோஸ்டிங் நிறுவனம் ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் வரி போட்டிருக்கும், அதற்குக் கீழே இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழையதை அழியுங்கள், அல்லது இரண்டையும் ஒரே வரியாக இணையுங்கள். அந்த வரியைச் சரிபார்க்கப் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் செல்லாது.

டிகிம் ஒவ்வொரு மெயிலுக்கும் மறைவாக ஒரு கையொப்பம் இடும். கூகுள் அட்மின் பக்கத்தில் ஆப்ஸ், கூகுள் வேர்க்ஸ்பேஸ், ஜிமெயில், ஒதென்டிகேட் ஈமெயில் என்று போய் 2048 பிட் திறவுகோல் உண்டாக்குங்கள். கணக்குத் திறந்த முதல் ஓரிரு நாட்களில் அது கிடைக்காமல் இருக்கலாம், பொறுங்கள். இங்கே மூன்று இடத்தில் தவறுகிறார்கள்:

- திறவுகோல் 255 எழுத்தை விட நீளம். சில டிஎன்எஸ் பக்கங்கள் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். இரண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.
- பெயர்ப் பெட்டியில் டொமைனோடு முழுப்பெயரையும் போடுவார்கள். பக்கமும் தானாக டொமைனை ஒட்டும். டொமைன் இருமுறை வந்த பதிவாகிவிடும். சேமித்த பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.
- பதிவு போட்டாயிற்று என்று விட்டுவிடுவார்கள். அட்மின் பக்கத்துக்குத் திரும்பி "ஸ்டார்ட் ஒதென்டிகேஷன்" பொத்தானை அமுக்காதவரை கூகுள் உங்கள் பெயரில் கையொப்பம் இடாது.

மைக்ரோசொஃப்டில் டிஃபென்டர் பக்கத்தில் டிகிம் பகுதிக்குப் போனால் இரண்டு சிநேம் பதிவுகள் தரும். போட்டுவிட்டு அங்கேயே இயக்க வேண்டும்.

டிமார்க், முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுகிற சேர்வருக்குச் சொல்லும். அந்தப் பதிவை முதலில் நடவடிக்கை இல்லாத நிலையில், அதாவது நன் (none) என்று, அறிக்கை வரும் மெயில் முகவரியோடு போடுங்கள். ஒரு மாத அறிக்கைகளில் உங்கள் மெயில் எல்லாம் தேறுவதாகத் தெரிந்தால் குவாரன்டைனுக்கு, அதாவது தேறாததை ஸ்பாமில் போடும் நிலைக்கு, உயர்த்தலாம்.

சோதிப்பது இப்படி. புது மெயில்பொக்ஸில் இருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடுங்கள். கணினியில் அதைத் திறந்து, மேலே மூன்று புள்ளியை அமுக்கி "ஷோ ஒரிஜினல்" எடுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி, ஒவ்வொன்றின் எதிரிலும் பாஸ் என்று இருக்க வேண்டும். டிகிம் வரியில் பாஸ் பார்த்தவுடன் திருப்தி அடையாதீர்கள், அதில் உள்ள டொமைன் பெயரையும் வாசியுங்கள். உங்கள் டொமைனுக்குப் பதில் "ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி" என்று முடியும் நீளமான பெயர் இருந்தால், கையொப்பமிட்டது கூகுள், நீங்கள் அல்ல. அந்தப் பொத்தான் இன்னும் அமுக்கப்படவில்லை. இதே சோதனையை அவுட்லுக்கிலும் யாஹூவிலும் ஒவ்வொரு கணக்கு வைத்துச் செய்யுங்கள்.

சூடாக்கும் காலம்

புது டொமைனில் இருந்து முதல் நாளே 40 பேருக்கு எழுதினால் அது குப்பை மெயில்காரரின் நடத்தை. எண்ணிக்கையை மெல்ல மெல்ல ஏற்றுவதைத்தான் சூடாக்கல் என்பார்கள். முதல் இரண்டு கிழமை உண்மையான கடிதம் மட்டும், நாளுக்கு நாலைந்தில் தொடங்கிப் பத்துவரை: படகு எஞ்சின் விற்பவருக்கு விலை கேட்டு, கொழும்பு முகவருக்கு, பழைய விருந்தினருக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு. பதில் எழுதக்கூடியவர்களாகப் பாருங்கள். மூன்றாம் கிழமை கோல்ட் மெயில் நாளுக்கு 5, நாலாம் கிழமை 10, ஐந்தாம் கிழமை 15, ஆறில் 20. நினைவூட்டல்களும் இந்த எண்ணுக்குள் அடக்கம். ஒரு மெயில்பொக்ஸில் 30 ஐத் தாண்டாதீர்கள்.

தானாகவே மெயில் பரிமாறிச் சூடாக்கித் தருவதாகச் சொல்லும் சேவைகளுக்குக் காசு கட்ட வேண்டாம். கூகுளுக்கு அது பிடிக்காத வேலை. 2023 இல் அந்த எதிர்ப்பால் அப்படியொரு சேவை மூடப்பட்டது. திருமலையில் தொழில் செய்கிறவருக்கு எழுத உண்மையான ஆட்கள் போதிய அளவு இருக்கிறார்கள்.

காலக்கணக்கையும் பாருங்கள். நிலாவெளிக் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வாடையும் மழையும் வந்து படகுகள் கரையேறும் மாதங்கள்தான் இந்த வேலைக்கு வாய்ப்பானவை. ஒக்டோபரில் டொமைன், நவம்பரில் சூடாக்கல், டிசெம்பர் தொடக்கத்தில் முதல் மெயில்கள், நத்தார் காலத்தில் ஓய்வு, ஜனவரியில் முழு வேகம். நவம்பரில் லண்டனில் வேர்ல்ட் ட்ரவல் மார்க்கெட், மார்ச்சில் பெர்லினில் ஐடிபி என்று பயணத் தொழில் கண்காட்சிகள் நடக்கும். அந்தக் கிழமைகளில் ஐரோப்பிய டூர் ஒப்பரேட்டர்கள் மேசையில் இருக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் பெர்லின் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30, லண்டன் 9 மணி நமக்கு 2.30. அந்த நேரத்துக்கு அனுப்புங்கள். அதிகாலையில் போட்ட மெயில் இரவுக் குவியலுக்கு அடியில் கிடக்கும்.

எந்த நாட்டுக்கு எழுதலாம்

இதைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். பட்டியல் தொகுக்கும்போதே பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் நிறுவனத்துக்கு நிறுவனம் எழுதினாலும் விளம்பர மெயிலுக்கு முன்கூட்டிய ஒப்புதல் தேவை. நிலாவெளிக்கு ஜெர்மன் சந்தை முக்கியம்தான், ஆனால் அங்கே வழி மெயில் அல்ல: தபாலில் ஒரு கடிதம், அல்லது கண்காட்சியில் நேர்ச் சந்திப்பு, அதில் மெயில் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு எழுதலாம். பிரித்தானியாவில் கம்பனியாகப் பதிந்த நிறுவனத்தின் முகவரிக்கு ஒப்புதல் இன்றி எழுதலாம். தனி உரிமையாளர் நடத்தும் தொழில் தனிநபராகக் கணக்கு, ஒப்புதல் வேண்டும். கனடாவில் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் ஒப்புதல் கேட்கிறது. ஒருவர் தன் தொழில் முகவரியை வெளிப்படையாகப் பிரசுரித்து, வேண்டாம் என்று குறிப்பிடாமல், உங்கள் மெயிலும் அவருடைய தொழிலோடு தொடர்பாக இருந்தால் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம். டொரொன்டோவின் தமிழ்ப் பயண முகவர்களுக்கு எழுத இது பயன்படும்; முகவரி கண்ட பக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள். அமெரிக்காவில் ஒப்புதல் தேவையில்லை. பொய்யான தலைப்பு கூடாது, தபால் முகவரி இருக்க வேண்டும், மறுப்பை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய செய்திகளுக்கு ஒப்புதலையும், மறுக்கும் வழியையும் கேட்கும் பகுதி உண்டு; அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று எழுதும் முன் பாருங்கள். கொழும்பு முகவர்களிடம் இதனால் கஷ்டம் இல்லை. தொலைபேசியில் பேசி "விவரம் மெயிலில் போடட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் முகவரியைத் தாமே சொல்லுவார்கள்.

முகவரி எங்கே எடுப்பது? இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவுபெற்ற முகவர் பட்டியல், பிரித்தானியப் பயண முகவர் சங்கமான ஆப்டாவின் உறுப்பினர் பட்டியல், அவரவர் வெப்சைட்டின் தொடர்புப் பக்கம். பட்டியலை அனுப்பும் முன் ஒரு சரிபார்ப்புச் சேவையில் போட்டுச் செத்த முகவரிகளை எடுங்கள். எந்தப் பெயரில் எழுதினாலும் ஏற்கும் டொமைன்கள் உண்டு, அவற்றைச் சரிபார்ப்புச் சேவையாலும் உறுதி சொல்ல முடியாது. வெப்சைட்டில் கண்ணால் கண்ட முகவரி மட்டும் அங்கே பயன்படுத்துங்கள். திரும்பி வருவது நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் நிறுத்திப் பட்டியலைத் திருத்துங்கள்.

மெயில் எப்படி இருக்க வேண்டும்

எந்தச் சேவையில் இருந்து போனாலும் வாசிக்கிறவரின் கைதான் தீர்ப்பு எழுதுகிறது. கூகுள் சொல்லும் முறைப்பாட்டு எல்லை 0.3 வீதம், பாதுகாப்பாக இருக்க 0.1 க்குக் கீழ். நாளுக்கு 40 அனுப்புகிறவருக்கு அது 25 நாளில் ஒரே ஒரு முறைப்பாடு. சென்னை யாத்திரை முகவர் ஒருவருக்கான மாதிரி:

தலைப்பு: கோணேஸ்வரக் குழுவுக்குத் தங்குமிடம்

வணக்கம் ஐயா,
உங்கள் மார்ச் மாத இலங்கை யாத்திரை நிரலில் திருக்கேதீச்சரமும் திருக்கோணேஸ்வரமும் பார்த்தேன். கோணேஸ்வரத்தில் மாலைத் தரிசனம் முடிந்து குழு அன்றிரவே தம்புள்ளை போவதாக இருக்கிறது.
கோயிலில் இருந்து ஆறு கிலோமீற்றருக்குள், உப்புவெளியில் எங்கள் விடுதி. 12 அறை, 30 பேருக்குச் சைவச் சாப்பாடு, பஸ் நிறுத்த இடம். இரவு தங்கினால் காலைப் பூசையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.
குழுவுக்கான விலைப்பட்டியல் அனுப்பட்டுமா?
(பெயர், தொலைபேசி, தபால் முகவரி)
இனி எழுத வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று மட்டும் பதில் போடுங்கள், எடுத்துவிடுகிறேன்.

முதல் பந்தியை வேறொரு முகவருக்கு மாற்றிப் போட முடியாது. அதுதான் அதன் பலம். கேள்வி ஒன்றே ஒன்று. இணைப்புக் கோப்பு இல்லை, லிங்க் இல்லை, லோகோப் படம் இல்லை. 8 எம்பி விலைப்பட்டியலைக் கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். திறந்தாரா என்று பார்க்கும் கண்காணிப்புப் படத்தையும் அணையுங்கள். 2021 இல் அப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வந்தபின் அந்த எண் நம்பத்தக்கது அல்ல, வடிகட்டிக்கோ அது ஒரு சந்தேகக் குறி.

தமிழில் எழுதும்போது கவனிக்க ஒன்று: பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை அப்படியே ஒட்டினால் மறுபக்கம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகவே போய்ச் சேரும். யுனிகோடில் மட்டும் எழுதுங்கள்.

நினைவூட்டல்கள் அதே மெயிலுக்குப் பதிலாக, நாலு வேலை நாள் கழித்து ஒன்று, அதன்பின் ஒன்பது நாள் கழித்து ஒன்று. அதோடு நிறுத்துங்கள். மறுத்தவர்களின் பெயர் ஒரே தாளில், இரண்டு மெயில்பொக்ஸுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒன்றில் மறுத்தவருக்கு மற்றதில் இருந்து மெயில் போனால் அவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அமுக்குவார்.

திரும்பி வரும் எண்களை வாசிப்பது

மெயில் போய்ச் சேராதபோது வரும் அறிவிப்பில் ஒரு எண் இருக்கும். அது 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை, அழியுங்கள். 421 அல்லது 451 இல் தொடங்குவது தற்காலிகம், சேர்வர் தானே மீண்டும் முயலும். நீங்கள் இரண்டாம் தடவை அனுப்ப வேண்டாம். ஆனால் ஜிமெயிலின் 421 4.7.28 வந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். 5.7.26 உம், மைக்ரோசொஃப்டின் 5.7.515 உம் உங்கள் அடையாளப் பதிவுகள் தேறவில்லை என்பவை. "ஷோ ஒரிஜினல்" சோதனைக்குத் திரும்புங்கள். 5.4.5 கூகுளின் நாளாந்த எல்லை தாண்டியது. 20 அனுப்பும் மெயில்பொக்ஸில் அது வந்தால் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள்: உடனே கடவுச்சொல்லை மாற்றி, இணைந்த கருவிகளையெல்லாம் வெட்டுங்கள். மைக்ரோசொஃப்டில் 5.1.8 என்றால் அனுப்புநர் தடுக்கப்பட்டிருக்கிறார். காரணம் திருத்திய பிறகு டிஃபென்டர் பக்கத்தின் தடைப்பட்டோர் பட்டியலில் விடுவிக்கலாம்.

எண் எதுவும் வராமல் பதில் மட்டும் அற்றுப்போனால், சோதனைக் கணக்குகளில் மெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். டொமைனின் நிலையை அனுப்புநருக்குக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் பக்கம் இந்தச் சிறிய அளவுக்குப் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். மூன்றில் இரண்டு கணக்கில் ஸ்பாமில் விழுந்தால் கோல்ட் மெயிலை இரண்டு கிழமை நிறுத்தி, உண்மையான கடிதங்கள் மட்டும் எழுதி, பிறகு நாளுக்கு 5 இல் இருந்து ஏறுங்கள். உடனே இன்னொரு டொமைன் வாங்குவது அதே பட்டியலையும் அதே மெயிலையும் கொண்டு அதையும் கெடுப்பதாகவே முடியும்.

பட்டியல் முடிந்த பிறகு இரண்டாவது மெயில்பொக்ஸை மூடிச் செலவைக் குறைக்கலாம், அந்த முகவரியை முதலாவதுக்கு மாற்றுப் பெயராக்குங்கள். டொமைனை மட்டும் விடாதீர்கள், குறைந்தது இரண்டு வருடம் புதுப்பியுங்கள். டூர் ஒப்பரேட்டர்கள் அடுத்த பருவத்து நிரல் போடும்போது பழைய மெயிலைத் தேடியெடுத்து அதற்கே பதில் எழுதுவது வழக்கம். கைவிட்ட டொமைனை வேறொருவர் வாங்கினால் அந்தப் பதில், விலைப்பட்டியலோடும் உங்கள் பெயரோடும், அவருடைய பெட்டியில் போய் விழும்.